ஆறுகள் சேருமிடத்தில் திரும்பலாம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவரின் பெயர் தெரியாது. ஒரு காலை, திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே ரயில் சிக்னலுக்காக நின்றிருந்தது. மேலே ஒரு விமானம் போயிற்று. கீரைக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வெள்ளானூர்ல ஒருத்தரு சொந்தமா ஏரோப்ளேன் வெச்சிகினு இருந்தாராம். வெள்ளக்காரன் காலத்துல. ஏரி காஞ்சா அதுலதான் ஓட்டுவாராம்."

"எங்கே போவாராம்?"

"மலைக்குப் போவணும்னு கெளம்பினாராம்."

"போய்ச் சேர்ந்தாரா?"

ரயில் நகர்ந்து நிலையத்துக்குள் நுழைந்தது. "இந்தக் கூடையக் கொஞ்சம் தூக்கி வுடு கண்ணு," என்றாள். தூக்கிவிட்டேன். இறங்கிப் போய்விட்டாள்.

என் மடியில் அப்போது ஒரு மொழிபெயர்ப்பு நாவல் கிடந்தது. அதிலும் ஒரு விமானி இருந்தான். நான் படித்த அயல்நாட்டு நாவல்களில் மலைக்குப் பறந்து போகிறவர்கள் திரும்புவதில்லை. பனி அவர்களை மூடிக்கொள்ளும். அழகான நாலு பத்திகள் வரும். அதனால், அந்த அம்மாள் சொல்லாமல் போன பதிலை என் மனம் தானாகவே எழுதிவிட்டது: இல்லை, போய்ச் சேரவில்லை. இந்தக் கதை அந்தப் பதிலோடு நான் போடுகிற சண்டை.

2

தொடக்கங்கள்.

"1937ஆம் வருஷம் சித்திரை மாதம், பனி மூடிய அந்த அதிகாலையில் —"

வெள்ளானூரில் சித்திரையில் பனி ஏது? விட்டுவிட்டேன்.

"உலகநாதன் வானத்தை நேசித்தார். வானமோ —"

இது எந்த ஊரிலிருந்தோ கப்பலேறி வந்த வாக்கியம். திருப்பி அனுப்பிவிட்டேன்.

"தாட்சாயிணி தன் கணவரை நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி எடை போட்டாள்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

தாட்சாயிணி தன் கணவரை நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி எடை போட்டாள். ஏரிக்கரைக் களத்தில், புளியமரக் கிளையில் கட்டிய பெரிய தராசு அது. ஒரு தட்டில் உலகநாதன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மறு தட்டில் எடைக்கற்களை அடுக்கியவர் பஷீருதீன். பூந்தமல்லியில் மோட்டார் பழுது பார்ப்பவர். உலகநாதனின் விமானத்து இன்ஜினும் அவர் பொறுப்புதான்.

"இன்னா அண்ணாத்தே, துலாபாரமா? எந்தக் கோயிலுக்கு?"

"சிரிக்காதீங்க பாய். இன்னொரு கல்லு வைங்க," என்றாள் தாட்சாயிணி.

"ராத்திரி சோத்தக் கொறைச்சா ஒரு கல்லு மிச்சம் ஆவும்மா."

"அதையும் எழுதி வெச்சிருக்கேன்."

உலகநாதன் வெள்ளானூரில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. பட்டணத்தில் பறக்கக் கற்று, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து இரண்டு பேர் உட்காரும் பழைய விமானத்தை வாங்கினார். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலையுச்சியைச் சமன் செய்து விமானம் இறங்க மைதானம் போட்டிருந்தார்கள். (தோட்டமும் மைதானமும் என் கற்பனை. தேடிப் போகாதீர்கள்.) போன வருஷம் அங்கே போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், அரக்கோணத்தில் மழை மேகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து ஆவடி நிலையத்து வெற்றிலைக் கடைக்காரர் எத்திராஜுக்குத் தினமும் ஒரே கேள்விதான்.

"இன்னா நைனா, இன்னிக்கு எதுவரைக்கும்? அரக்கோணமா, இல்ல ஒரு எட்டு காட்பாடியா?"

உலகநாதன் கூடவே சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டார்.

அவர் சாப்பிடாத தட்டைத் தினமும் எடுத்து வைத்தவள் தாட்சாயிணி. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். விமானத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அவர் படித்துச் சொல்வார், அவள் கேள்வி கேட்பாள். மலைமேல் காற்று மெலிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டாள். சிறகுக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், வெயில் ஏறினால் இன்னும் மோசம். சுமை குறைய வேண்டும். விடியும்போதே கிளம்ப வேண்டும். வரைபடத்தில் நூலை வைத்துத் தூரம் அளந்தாள். விமானத்தால் ஏற முடியாத உயரங்களையெல்லாம் குங்குமத்தால் தீற்றினாள்.

மாமியார் முத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மேப்புக்குப் பொட்டு வெச்சி பூசை பண்றியா?"

"குங்குமம் இருக்கிற எடத்துக்கு மேல ஏரோப்ளேன் போவாது அத்தே."

"அப்போ என் புள்ளைய ஏன் அந்தப் பக்கம் அனுப்புற?"

"நானா அனுப்புறேன்?"

குங்குமத்துக்கு நடுவே ஒரு வெள்ளைக்கோடு போயிற்று. அது பள்ளத்தாக்கு. இரண்டு ஆறுகள் சேரும் இடம்வரை அகலமானது. அதற்கு அப்பால் குறுகிவிடும். விமானம் வட்டமடித்துத் திரும்ப இடம் போதாது. கடைசியில் ஒரு கணவாய், அதைத் தாண்டினால் மைதானம்.

"ஆறு சேர்ற எடத்துல நின்னு பாக்க முடியாது. ஆனா மேகம் மூடி கணவாய் தெரியலன்னா அங்கியே திரும்பிடணும்," என்றாள்.

"தெரியும்."

"தெரியலன்னா?"

"தெரியும்னு சொல்றேன்ல."

"நான் மேகத்தக் கேக்கலீங்க. உங்களக் கேக்கறேன்."

உலகநாதன் வரைபடத்தைச் சுருட்டினார். "அரக்கோணத்துக்கே இந்தப் பாடு. இன்னொரு வாட்டி திரும்பி வந்தா அந்த ஸ்டேஷன் பக்கம் தலை காட்ட முடியுமா? கெளம்பினவன் பாதியில திரும்பறது அபசகுனம்னு எங்கம்மாவே சொல்லும். நான் திரும்பமாட்டேன் தாட்சா."

4

இங்கே நாலு நாள் எழுதாமல் இருந்தேன்.

அவர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்ததுதான் சிக்கல். நான் படித்த நாவல்களின் மனிதர் ஆகிவிட்டார். இனி ஒரு மேகத்தை மட்டும் வைத்தால் போதும், கதை தானாக முடிந்துவிடும். [அந்தப் பத்தியைக்கூட எழுதி வைத்திருந்தேன். நன்றாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.]

பிறகு புரிந்தது. தாட்சாயிணி நூலும் குங்குமமும் தராசும் வைத்துக்கொண்டு இத்தனை பாடுபடுவது மலைக்கு எதிராக அல்ல. மலைக்கு யாரையும் கொல்லும் ஆசை கிடையாது. எனக்கு இருந்தது. அவள் என்னிடமிருந்துதான் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

சரி, அவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

5

அவள் மாமியாரிடம் போனாள்.

முத்தம்மாள் பஞ்சாங்கம் பார்த்து வியாழக்கிழமை பத்தரை மணிக்குமேல் நல்ல நேரம் என்று சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் கிளம்பினால் மலைக்குப் போகும்போது மேகம் கூடியிருக்கும்.

"அப்போ வியாழக்கிழம பரஸ்தானம் வெச்சிடலாமா அத்தே? வெள்ளிக்கிழம விடிகாலையில இவரு போவட்டும்."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், தங்கள் துணிமூட்டையை மட்டும் அந்த நேரத்தில் வெளியே அனுப்பி வேறொரு வீட்டில் வைப்பார்கள். அதுதான் பரஸ்தானம். மூட்டை போய்விட்டால் ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. வழக்கமாக மூட்டை பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

"வேம்புலி ஊட்ல வெச்சிடு," என்றாள் முத்தம்மாள்.

"இல்ல அத்தே. பாயோட மச்சான் கலீல் ரகுமான் மலையடிவாரத்துல தோல் மண்டி வெச்சிருக்காரு. பெட்ரோல் போட இவரு அங்கதான் எறங்கப்போறாரு. மூட்டைய ரயில்ல அங்க அனுப்பிடலாம். அங்கியே இருக்கட்டும். இவரு மேல போய்ட்டா மறுநாள் மூட்டை மலை ரயில்ல போய்ச் சேரட்டும். சுமையும் கொறையும்."

"அம்மாந்தூரமா?"

"ஒண்ணு கேக்கறேன் அத்தே. இவரு மலைக்குள்ள பாதி போய்ட்டு, மூட்டை இருக்கிற எடத்துக்கே வந்துட்டா, அது பாதியில திரும்பறதா?"

முத்தம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். உலகநாதன் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அது எப்டிடி திரும்பறது ஆவும்? மூட்டை கீற எடத்துலதான் ஆளு கீறான். அங்க போனா போய்ச் சேந்த மாதிரி."

"ரெண்டு பேரும் சேந்துகினு என்னைக் கட்டிப் போடறீங்க," என்றார் உலகநாதன்.

வாசலில் நின்றிருந்த பஷீருதீன் சிரித்தார். "கயிறு நல்லா நீளமாத்தான் வுட்டுகீறாங்க அண்ணாத்தே. கோயமுத்தூரு வரைக்கும்."

உலகநாதனும் சிரித்துவிட்டார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. தாட்சாயிணி அதைக் கவனித்தாள். நானும் கவனித்தேன்.

6

வெள்ளிக்கிழமை விடியலில் காய்ந்த ஏரியின் நடுவே விமானம் நின்றது. பஷீருதீன் இன்ஜினைக் கிளப்ப முன்விசிறியைக் கையால் சுழற்றினார். முத்தம்மாள் மகன் வாயில் வெல்லத்துண்டைப் போட்டாள். "மேற்கே சூலம். முழுங்கு நைனா."

தாட்சாயிணி ஆறுகளைப் பற்றி மறுபடி பேசவில்லை. சொன்னதையே சொன்னால் அவர் காது மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். கழுத்துப் பட்டியை மட்டும் இழுத்துச் சரி செய்தாள்.

"வர்றேன்," என்றார்.

இனி முடிவுகள்.

(அ) கணவாயில் மேகம். அவர் திரும்பவில்லை. தாட்சாயிணி ஜன்னலோரம் காத்திருக்கிறாள், பருவங்கள் மாறுகின்றன, அவள் கூந்தலில் — வேண்டாம். அவளுக்கு அன்று இரண்டு அண்டா நெல் அவிக்கிற வேலை இருந்தது. ஜன்னலுக்கு அவள் வரமாட்டாள்.

(ஆ) தெளிந்த வானம். தோட்டத்தில் இறங்குகிறார், மாலை போடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இது மேகத்தின் பதில். அவள் கேட்டது அவரிடம்.

(இ) மேகம். திரும்பிவிடுகிறார். ஆவடியில் எத்திராஜ் கேட்கிறார்: "மலைய மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டியாமே நைனா? பெருசா, எப்டி கீது?" இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் தாட்சாயிணியின் மேல் எனக்கு இருக்கும் அன்பால் அவர் கையைப் பிடித்து நானே திருப்பிவிட்டேனோ என்று சந்தேகம். அப்படித் திருப்பினால் அவர் திரும்பியதாக ஆகாது.

7

இதுவரை தாட்சாயிணியின் பக்கத்திலேயே நின்றேன். அவள் வர முடியாத இடத்துக்கு இப்போது போகிறேன்.

அடிவாரத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு உலகநாதன் பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டார். கணவாயில் மேகம் வைத்திருக்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. ஒரு மூச்சுக்குக் கணவாய் தெரிகிறது, அடுத்த மூச்சுக்கு மறைகிறது. அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். அவர் பள்ளத்தாக்கின் நடுவே பறக்கவில்லை. வலதுபக்கச் சரிவை ஒட்டியே போகிறார். மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். சரிவை ஒட்டிப் போவது பயமான காரியம். நடுவில் போவதுதான் மனதுக்கு நிம்மதி. ஆனால் நடுவில் போகிறவருக்குத் திரும்பப் பாதி அகலம்தான் கிடைக்கும். ஓரத்தில் போகிறவருக்கு முழு அகலமும் கிடைக்கும். தாட்சாயிணி இதை அவருக்குச் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை, பார்த்தபோது அவர் அங்கே இருந்தார்.

திரும்பவே மாட்டேன் என்று சொன்ன மனிதர் ஏன் ஓரமாகப் போகிறார்?

கீழே இரண்டு ஆறுகளும் சேருகின்றன. அவருடைய இடதுபக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது. நான் இங்கே கையை எடுத்துவிடுகிறேன். தயவுசெய்து நீங்களும் அந்த இடத்தில் எதையும் கொண்டுவந்து வைக்காதீர்கள்.