சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை

ரசாயனப் பீப்பாய்களைக் கழுவும் அறையின் வாசலில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வில்லை. நச்சு ஆவி அதிகமானால் வில்லை பழுப்பாகும். பழுப்பானால் அதை அணிந்தவருக்கு அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. அதனால் எல்லோரும் சட்டையோடு வில்லையையும் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இந்த அழகான ஏற்பாடு மேற்பார்வை அக்காவுக்கும் தெரியும். சாயங்காலம் வெள்ளை வில்லைகளைச் சேகரித்து, "ஆபத்து ஒன்றும் இல்லை" என்று மேலாளரிடம் சொல்லிவிடுவாள். கண்டும் காணாமல் இருப்பதில் எவ்வளவு சௌகரியம்!

ஒரு நாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது வீடெங்கும் எரிவாயு நாற்றம். அடுப்படியில் அவளுடைய தம்பி தீக்குச்சியைக் கிழிக்கப் போனான். பாய்ந்து பிடுங்கினாள்.

"வாடை தெரியலையாடா உனக்கு?"

"எந்த வாடையுமே தெரியறதில்லக்கா. கழுவுற ரூம்ல எல்லாருக்கும் அப்படித்தான். பழகிட்டேன்னு என்னைப் பாராட்டுறாங்க" என்று சிரித்தான்.

அங்கே அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். பாவி, இத்தனை நாளும் என்ன காரியம் செய்துகொண்டிருந்தாள்!

ஆலைக்குப் போனதும் யாரையும் உள்ளே விடவில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு, தன் சேலையில் ஒரு வில்லையைக் குத்தி, தம்பி வழக்கமாக நிற்கும் தொட்டியருகே போய் நின்றாள். வெளியே வந்தபோது வில்லை நல்ல பழுப்பு. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"அக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே" என்று தம்பி கத்தினான்.

"உன் உசிருல போட்டாச்சுடா. அதான் பூட்டுறேன்."

மேலாளர் ஓடி வந்தார். "என்னம்மா கூத்து இது? இத்தனை நாளா எல்லா வில்லையும் வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு சார். சட்டைக்கெல்லாம் உடம்பு ஜோராத்தான் இருக்கு. ஆளுங்களுக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"காத்து இழுக்குற மின்விசிறி போடுங்க. இவங்க எல்லாரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் கூலியும் குடுங்க. அப்புறம் சாவி தர்றேன்."

"உன் வேலை போயிடும், யோசிச்சுக்கோ."

"போகட்டும். பொய் சொல்ற வேலைதானே!"

மேலாளர் மற்றவர்களைப் பார்த்தார். சாவியை வாங்கித்தர ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் தம்பியும் முனகிக்கொண்டே அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான்.

அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "கெட்ட சேதி சொல்றவனுக்குக் கூலியை வெட்டினா, எல்லாரும் நல்ல சேதியாத்தான் சொல்வாங்க சார். ஆபத்தை அளக்குறதை நாம ஏமாத்திடலாம். ஆபத்தை ஏமாத்த முடியாது."