அரைப்பேரு

மழை விட்டும் தேயிலைச் செடிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் சரசரக்க, தெய்வம்மா இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளி முதுகுப் பைக்குள் வீசினாள். மாரின் குறுக்கே ஓடிய பை வாரில் பழைய மெத்தைப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அவள் புருஷன் மனோகரனின் கைவேலை.

அடுத்த நிரையில் அவள் தம்பி மனைவி கோகிலவாணி.

"மதினி, நாளைக்கு நெல்லியாளம் ஸ்கூலுக்கு ஆஸ்பத்திரி வண்டி வருதாம். மார்ல படம் எடுத்துப் பாக்கறாங்க. நாப்பது தாண்டின பொம்பளைங்க எல்லாம் வரணுமாம். போலாங்களா?"

"எனக்குக் கட்டியும் இல்ல, வலியும் இல்ல. சும்மா போயித் தெறந்து காட்டிட்டு வரச் சொல்றியா?"

"பேச்சியம்மாக்காவுக்கு மட்டும் வலிச்சுதா?"

தெய்வம்மாவின் கை நின்றது.

கூடப்பிறந்த அக்கா பேச்சியம்மா. மாரில் கொட்டைப்பாக்கு அளவுக் கட்டி. பை வார் அழுத்தி வந்தது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். மஞ்சள் பற்றுப் போட்டார்கள். வாரைத் தோள் மாற்றிப் போடச் சொன்னார்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனபோது டாக்டர், "இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே மனோகரன் ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டான். பஞ்சு அமுங்கிப்போனால் பிரித்துப் புதிதாக வைத்துத் தைப்பான்.

மாலை எடை போடும் இடத்தில் கோகிலவாணியே சூப்பர்வைசர் காளிமுத்துவிடம் பேச்சை எடுத்தாள்.

"கொழுந்து முத்திக்கிட்டு நிக்குது, இப்பத்தானா உங்களுக்குக் கேம்ப்பு?" என்றான் அவன். "சீக்குன்னா லீவு கேளு. சீக்கே இல்லாம என்ன லீவு? பாதியில போனா அரைப்பேருதான் போடுவேன். ஆபீஸ்ல என்னையத்தான கேப்பாங்க."

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் பெயரே 'பேரு'தான். பாதி நாள் வேலைக்கு அரைப்பேரு.

"சீக்கு வந்தப்புறம் கூப்பிடப் பேரே இருக்காதுங்கண்ணே. அரையே போட்டுக்கங்க," என்றாள் கோகிலவாணி.

மறுநாள் பள்ளி மைதானத்தில் வண்டிக்கு முன்னால் நீண்ட வரிசை. நர்ஸ் கெஸியா நிமிராமல் கேட்டாள். "பேரு?"

"இன்னிக்கு அரைப்பேருதாங்க," என்று வாய் தவறி வந்துவிட்டது தெய்வம்மாவுக்கு. வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அவங்க பேரு தெய்வம்மாங்க. பாதியில்ல, முழுசு," என்றாள் கோகிலவாணி.

கெஸியாவுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே இயந்திரத் தட்டில் மாரை வைத்து, "கொஞ்சம் அழுத்தும், பொறுத்துக்குங்கக்கா," என்றாள். சப்பாத்திப் பலகையில் சிக்கிய மாதிரி இருந்தது. முடிந்து ரவிக்கையைப் போடும்போது தெய்வம்மா மெல்லக் கேட்டாள்.

"பை வாரு அழுத்தறதால வருதுங்களா இது? எங்கக்கா இந்தப் புத்துநோயிலதான் போச்சு. எங்கூட்டுக்காரரு பஞ்சு வச்சுத் தெச்சுக் குடுத்திருக்காரு."

இப்போது கெஸியா சிரிக்கவில்லை. "வாரு அழுத்தி இது வராதுக்கா. கட்டி கைக்குத் தட்டுப்படறதுக்கு முந்தியே படத்துல தெரிஞ்சிடும். அப்பவே புடிச்சா காப்பாத்திடலாம். அதுக்குத்தான் ஒண்ணும் இல்லாதப்பவே வரச் சொல்றோம். உங்கக்காவுக்கு வந்திருக்கில்ல, நீங்க இன்னும் முந்தியே வந்திருக்கணும்."

அடுத்த வாரம் போன் வந்தது. கோகிலவாணிக்கு ஒன்றுமில்லை. தெய்வம்மாவின் இடது மார்பில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும். எதுவானாலும் இது ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றாள் கெஸியா.

அன்று தேயிலைத் தூள் வாசத்தோடு ஃபேக்டரியிலிருந்து வந்த மனோகரன் சேதியைக் கேட்டுவிட்டு நேரே சுவரோரம் போனான். ஆணியில் தொங்கிய கொழுந்துப் பையை எடுத்து வாரை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"பஞ்சு பத்தலியா புள்ள?"

"வாரால வர்றதில்லையாமுங்க."

"அப்ப இத்தன வருசமா நான் தெச்சது?"

"தோளு நோகாம இருந்துச்சில்ல?" அவள் பையை வாங்கி மீண்டும் ஆணியில் மாட்டினாள். "பிரிச்சுப்புடாதீங்க. திரும்பி வந்து போட்டுக்கணும்."

திங்கட்கிழமை விடியலில் இருவரும் பஸ்ஸுக்கு இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக் காகிதம் வைத்த பையை மனோகரன் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அதன் வாரிலும் புதுப் பஞ்சு தைத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பனிமூட்டத்துக்குள் எதுவும் தெரியவில்லை. மேலே வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் காளிமுத்து ஆட்களின் பேர் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கோகிலவாணி!"

"வந்தேனுங்க!"

"தெய்வம்மா!"

பழக்கத்தில் அவள் கால் நின்றது. வாய் திறந்தது. அதற்குள் அவன் அடுத்த பேருக்குப் போய்விட்டான்.