மலைக்கு ஒரு தேத்தண்ணி

"இந்த வருசமாவது மலைக்குப் போயிட்டு வந்துறணும் மாப்புள" என்று அழகம்மா சொன்னதும், தேவேந்திரன் வாய்க்குக் கொண்டுபோன இட்லியை அப்படியே நிறுத்தினான்.

கார்த்திகை முதல் வாரம். போர்ட் பிளேருக்கு வடக்கே, தீவு ஊரான மாயாபந்தரின் கடைத்தெருவில் அங்கங்கே கறுப்பு வேட்டிகள் தெரியத் தொடங்கியிருந்தன. உசிலம்பட்டிக்காரனான அவனுக்கு மலை என்றால் சபரிமலைதான். மாமியாருக்கு வயது அறுபத்தொன்று, தாராளமாகப் போகலாம். ஆனால் இடது முழங்கால் தேய்ந்துபோய், மார்ச் மாதம் சென்னையில் ஆபரேஷன் என்று தேதியும் வாங்கியாகிவிட்டது.

"கப்பல் டிக்கெட், ரயில் டிக்கெட், பம்பையில கூட்டம்... ஆபரேஷன் முடியட்டும் அத்தே. அடுத்த வருசம் நானே மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"மாலையா? யாருக்கு?"

"எனக்குத்தான். உங்களுக்கும்தான்."

அழகம்மா மகளைப் பார்த்தாள். அடுப்படியில் நின்ற விஜயகுமாரிக்குச் சிரிப்பில் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"என்னங்க, அம்மா சொல்றது ஐயப்பன் மலை இல்ல. வேலை மலை!"

அழகம்மா பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில். அங்கே வேலைக்குப் போவதையே 'மலைக்குப் போறது' என்றுதான் சொல்வார்கள். பிறகு குடும்பத்தோடு தெற்கே உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேறியும் அந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. ரப்பர் மரம் நிற்கிற மேடும் மலைதான். சுனாமிக்குப் பிறகுதான் அவள் மாயாபந்தருக்கு, மகள் வீட்டுக்கு வந்தாள்.

"இப்ப எதுக்கு அத்தே மலை?"

"கும்பிடு ஒண்ணு போடணும். எட்டு வருசமாப் போடாமக் கெடக்கு."

சுனாமி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்ளே வந்ததும் லயத்து வீடுகளிலிருந்த சனமெல்லாம் ரப்பர் மலைக்கு ஓடியது. அழகம்மாவும் ஓடினாள். மூன்று நாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் கப்பல் தெரிந்தது.

"ஒரே ஓட்டமா எறங்கிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வந்தவங்ககிட்டகூட வாறேன்னு சொல்லிட்டுத்தான் எறங்குறோம். உசிரக் காப்பாத்தின மலைகிட்ட ஒரு வார்த்த சொல்லல மாப்புள."

கச்சாலுக்கு இந்தக் காலோடு இரண்டு கப்பல் மாறிப் போக முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு மேடு ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இங்க உள்ள மலை ஒண்ணு போதும். மரம் நிக்கணும், மேடா இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள் அழகம்மா.

"மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு இருக்கு" என்றாள் விஜயகுமாரி.

"மாடிப்படி வேற, மலை வேற."

"ஆமா. மலை இன்னும் ஒசரம்."

எட்டு வருடம் முன்பு, இதே வீட்டில், பத்து நாள் ஒழுங்காகச் சோறு தின்னாமல் கிடந்த விஜயகுமாரி தேவேந்திரன் கண்முன் வந்தாள். பதினோராம் நாள் போர்ட் பிளேர் முகாம் பட்டியலில் மாமியார் பெயர் இருப்பதாக போன் வந்தது. அவன் ஊரிலுள்ள எல்லா சாமிக்கும் நன்றி சொன்னான். மலையை மட்டும் நினைக்கவே இல்லை.

இட்லியை முடித்த கையோடு அவன் வேலையில் இறங்கினான். ரோடு போடும் ஆபீசில் ஹெட் கிளார்க். திட்டம் போடுவது கைவந்த கலை. நான்கு ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஊருக்குப் பின்னால் படாக் மரக்காட்டு வழியாக ஏறும் பழைய பாதையைத் தேர்ந்தெடுத்தான்.

"யானை மரம் இழுத்த பாதை. யானை சும்மா மூச்சு வாங்காது. சுலபமான ஏத்தத்துலதான் போகும்."

"எங்கம்மா யானையா?" என்றாள் விஜயகுமாரி.

ஒரு முழுத்தாளில் எல்லாம் எழுதினான். காலை ஏழுக்குப் புறப்பாடு. கால் மணிக்கு ஒருதரம் உட்காருதல். மொத்தம் ஐந்து இடம். அட்டைக்கு உப்பு. முழங்காலுக்கு உறை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், தூக்குவது தேவேந்திரன். உச்சியில் இரண்டு பக்கமும் கடல் தெரியும்; அங்கே சாப்பாடு. தாளின் அடியில் விஜயகுமாரி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'அம்மா முகம் சுளித்தால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும்.'

ஜனவரிக் கடைசி ஞாயிறு. ஐந்து மணிக்கே அழகம்மா தயார். சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் சாக்குத் துணி கட்டி, கையில் ரப்பர் பால் வெட்டும் கத்தி.

"அத்தே, பிக்னிக்தான் போறோம். யாரக் குத்தப் போறீங்க?"

"மலைக்கு வெறுங்கையோட போறதா? கங்காணி திருப்பி அனுப்பிருவாரு."

"இங்க ஏது கங்காணி?"

"இந்தா நிக்கிறாளே" என்று மகளைக் காட்டினாள்.

காட்டு கேட்டில் ராஞ்சிக்காரக் காவலர் கத்தியைப் பார்த்துக் கையை நீட்டினார். "மாஜி, யே இதர் ரக்கோ. ஆராம் ஸே ஜாவ்." கத்தி இங்கேயே இருக்கட்டுமாம், நிதானமாகப் போகலாமாம்.

"வாபஸ் வாறப்ப வாங்கிக்கிறேன். பத்திரம்!" என்று கொடுத்தாள்.

முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். தாளில் எழுதியபடியே போனது. அழகம்மா மரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நான்காம் இடத்துக்கு முன்னால் பெரிய மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. போன வாரம் இல்லை. ஒரு பக்கம் முள், மறுபக்கம் சரிவு.

அழகம்மா ஒரு காலைத் தூக்கி மரத்தின் மேல் வைத்தாள். முகம் சுளித்தது.

"அவ்வளவுதான். திரும்புங்க" என்றாள் விஜயகுமாரி.

"மெதுவாத் தூக்கிவிட்டா..." என்று தேவேந்திரன் இழுத்தான்.

"தாள்ல என்ன எழுதியிருக்கு?"

அவன் ஸ்டூலைப் போட்டு மாமியாரை உட்கார வைத்தான். தாளை மடித்தான். "என் பிளான் சொதப்பிருச்சு அத்தே."

"பாதியில திரும்புனா அரைப் பேருதான் மாப்புள." தோட்டத்தில் முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதியில் போனால் அரைப் பேர். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் உச்சிப் பக்கமே இருந்தது.

மரங்களின் இடைவெளியில் கீழே கடல் ஒரு துண்டு தெரிந்தது. அழகம்மா அதையே பார்த்தாள்.

"கடலுலேருந்து நாம எவ்வளவு ஒசரத்துல இருக்கோம்?"

"உச்சியில பாதி. ரெண்டு தென்னமர ஒசரம் இருக்கும்."

"ரெண்டா? அன்னிக்கு நான் ஏறுனது ஒண்ணரைகூட இருக்காது!"

விஜயகுமாரி திரும்பிப் பார்த்தாள்.

"மெய்யாத்தான் புள்ள. தண்ணி லயத்துக் கூரைக்கு மேல வந்துச்சு. நாங்க அதுக்குக் கொஞ்சம் மேல. உச்சிக்கெல்லாம் யாரு போனா? அம்புட்டு ஒசரமே போதுமா இருந்துச்சு." எழுந்து நின்றாள். "அப்ப இதுவே மலைதான். அந்த பிளாஸ்க எடு."

தேத்தண்ணியின் முதல் கிளாசை, நின்றுகொண்டிருந்த படாக் மரம் ஒன்றின் வேரில் ஊற்றினாள்.

"ஆளு மாறி வந்துட்டேன்னு நெனைக்காத. நீங்கள்லாம் ஒரே சனம். கச்சால்ல நிக்கிறவன்கிட்ட நீயே சொல்லிரு. அழகம்மா நல்லா இருக்கா. மக வீட்டுல சோறு திங்கிறா. மாப்புள ஸ்டூலு தூக்கிட்டுப் பின்னாலயே வாறாரு. ஒரு கொறையும் இல்ல." இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். "அப்ப வாறேன், என்ன?"

விஜயகுமாரி பிளாஸ்க்கை வாங்கி இன்னொரு கிளாஸ் ஊற்றினாள். வேரடியில் குனிந்தவள் அம்மா மாதிரி பேச முயன்றாள்; வரவில்லை. ஊற்றிவிட்டு, அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் வைங்க. மலையே எல்லாத்தையும் குடிச்சிரும்போல" என்றான் தேவேந்திரன், கிளாசை நீட்டிக்கொண்டு.

தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தீர்ந்தபின் இறங்கினார்கள். கேட்டில் காவலர் கத்தியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஊப்பர் தக் கயே, மாஜி?"

உச்சிவரைக்கும் போனீர்களா என்கிறார். தேவேந்திரன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அழகம்மா முந்திக்கொண்டாள்.

"ஹான், பூரா!"

பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "முழுப் பேரு போட்டுருங்க மாப்புள" என்றாள்.