சர்க்கரைச் சட்டை

அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை என்று வார்டே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள், அவள் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது. கீழ்த்தளத்து லேபில் அதை வளர்த்துப் பார்த்தவளே நான்தான்.

"ரத்தம் எடுக்கும்போது தோல்ல இருந்து ஒட்டியிருக்கும்மா. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர்.

மனசு கேட்கவில்லை. அக்காவின் ரத்தத்தில் ஒரு சொட்டை அந்தக் கிருமியோடு சேர்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெள்ளணுக்கள் இந்நேரம் பாய்ந்து விழுங்கியிருக்க வேண்டும். பாழாய்ப்போனவை கிட்டே வந்தன, தொட்டுத் தடவிப் பார்த்தன, விலகிப் போயின. என் விரலையும் குத்திப் பார்த்தேன். என்னுடையவையும் அதையே செய்தன. சாயம் விட்டுப் பார்த்தபோது, கிருமி மேலே ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருந்தது. நம் அணுக்களின் மேல் இருக்கும் அதே சர்க்கரை. நொதி விட்டுச் சட்டையைக் கரைத்தேன். உடனே மொய்த்துத் தின்றன.

படியேறி ஓடினேன். அக்கா பையெல்லாம் கட்டி வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வா வாலு. ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? எனக்கு வலிகூட இல்ல. உள்ள ஆளே இல்லாத வீடு மாதிரி அவ்ளோ அமைதியா இருக்கு."

சீப்பைப் பிடித்த விரல்களில் நகமெல்லாம் நீலம். சுரண்டிப் பார்த்தேன், நகப்பூச்சு இல்லை. கை ஜில்லென்றிருந்தது.

டாக்டரை அழைத்து வந்து, உடனே மருந்து போடச் சொன்னேன். அவர் அலுத்துக்கொண்டார். "காய்ச்சலே இல்லாதப்போ எதுக்கும்மா மருந்து?"

எனக்கு வந்ததே கோபம்! "திருடன் கதவ உடைச்சாத்தானே சார் சத்தம் கேக்கும்? இவன் வீட்டு ஆள் சட்டையப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கான். அவ நகத்தப் பாருங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

பார்த்தார். உடனே மருந்துச் சீட்டை எழுதினார். அக்காவின் நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது.

ஒரு மணி நேரத்தில் கிருமிகள் செத்துச் சட்டையோடு உடைந்தன. அப்போதுதான் அக்காவின் உடம்புக்கு விஷயம் தெரிந்தது. காய்ச்சல் நூற்றி நாலு. அவள் நடுங்கியதில் கட்டிலே ஆடியது.

"பொழச்சுக்குவாளா சார்?"

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. "எரியுதுடி, பாவி! நல்லாத்தானேடி இருந்தேன்! என்னை என்னடி பண்ணித் தொலைச்ச? நீ நல்லாவே இருக்க மாட்ட!"

"திட்டுக்கா" என்று அழுதேன். "நல்லாத் திட்டு. வாய மட்டும் மூடிடாத."