சிரிப்புக்காக நிறுத்திய இடம்

அறுபத்தெட்டாம் வயதில் என்னை மீண்டும் மின்பியானோவின் முன் அமர்த்தியவள், திரையரங்கை நடத்தும் என் தங்கை. காதலும் நகைச்சுவையும் கலந்த பழைய மௌனப்படம் ஒன்றுக்கு, திரையோரம் அமர்ந்து நான் வாசிக்க வேண்டும். சென்ற முறை இடக்கை நடுங்கி இரண்டு இடங்களில் பிசகிவிட்டேன். இம்முறை அப்படி நேரலாகாது என்று, மூன்று மாதங்கள் உழைத்துக் காட்சிக்குக் காட்சி இசையமைத்தேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள்களுக்கு முன்பு, ஆளில்லாத அரங்கில் படத்தை ஓடவிட்டாள்.

"முழுசா ஒரு தடவை வாசிச்சுடுக்கா. ஸ்பீக்கர் சரியாக் கேக்குதான்னு பாக்கணும்."

"அதுக்கு ரெண்டு நிமிஷம் போதாதா?"

"ரெண்டு நிமிஷம் கேட்டா, அரைகுறை வேலைன்னு நீதானே திட்டுவ!"

சிரித்துவிட்டேன். கடைசிவரை பிசகின்றி வாசித்தேன்.

காட்சியன்று அரங்கு நிரம்பி வழிந்தது. காதலியின் அறை என்றெண்ணி ஜன்னல் வழியே குதிக்கும் நாயகன், அவளுடைய தந்தையின் கட்டிலில் விழுகிறான். அரங்கே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை வாசிப்பை நிறுத்திவைப்பது எங்கள் தொழிலின் வழக்கம். கைகளை எடுத்தேன்.

பியானோ நிற்கவில்லை.

என் வாசிப்பேதான், ஒலிபெருக்கியிலிருந்து துளியும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினேன், ஓசையில்லை. அந்த மின்பியானோவின் பின்னால் குனிந்து பார்த்தேன். ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி, கழற்றப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. அன்று ஆளில்லா அரங்கில் பதிவு செய்திருக்கிறாள். இத்தனை பேர் சிரிப்பார்கள் என்பதை மட்டும் அவள் கணக்கில் கொள்ளவில்லை.

இருட்டில் குனிந்தபடி ஓடிவந்தாள்.

"கைய எடுக்காதக்கா, எல்லாரும் பாக்குறாங்க. சும்மா ஆட்டிக்கிட்டே இரு."

"என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"போன தடவ மாதிரி ஆயிட்டா? உன் நல்லதுக்குத்தான்கா."

"சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் ஒருவர் கவனித்துவிட்டு, அருகிலிருந்தவரைத் தட்டிக் காட்டினார். அந்த ஆளுக்கோ படமே பெரிதாகப் பட்டிருக்க வேண்டும், திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இல்லாமலேயே என் இசை காதலர்களைச் சேர்த்துவைத்தது.

விளக்குகள் எரிந்தன. அரங்கமே எழுந்து கைதட்டியது. தங்கை என் தோளைப் பற்றினாள்.

"எந்திரிக்கா. உனக்குத்தான் தட்டுறாங்க."

"நீ போய் நில்லு. இன்னிக்கு வாசிச்சது நீதானே?"

முகம் சுருங்கும், திரும்பிப் போய்விடுவாள் என்றே எதிர்பார்த்தேன். அவள் போய் நின்றாள். கைத்தட்டல் ஓயும்வரை, அவையை நோக்கிப் புன்னகைத்தபடியே நின்றாள்.