நாற்காலிக்குத் துப்பு கொண்டுவந்தவர்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. நாற்காலியை விட்டு எழாமலே துப்புத் துலக்குபவர்களைப் பற்றிய அந்தக்காலச் சிறுகதைகள் ஏன் இன்னும் சலிக்கவில்லை என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ‘மூளை ஒன்றே போதும் என்ற ஆசைதான் காரணம்’ என்று வீறாப்பாக ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் வருவதற்குள் ஒரு பெண் வந்து கட்டுரையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று சொல்ல மனம் வரவில்லை. அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்…’ (வேண்டாம். துப்பறியும் கதை என்றாலே மழைக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.)

இரண்டாவது: அவள் தையல்காரி. வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. விழுந்த நாளிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதி. அவள் கணவருக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. மாலையில் வந்ததும் வராததுமாக, “இன்னிக்கு ஒண்ணு மாட்டிச்சு” என்பார். ஒற்றைக் கையுறை, பூட்டிய பெட்டி, யாரும் தேடி வராத ஒரு கோட்டு. அவர் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

“எடது பாக்கெட் மட்டும் நைஞ்சிருக்குன்னா ஆளுக்கு எடதுகைப் பழக்கம்.”

“நீ போலீசுல சேந்திருக்கணும்.”

“சேந்திருந்தா மொதல்ல உங்களத்தான் புடிச்சிருப்பேன்.”

(கட்டுரையை இங்கே திருத்துகிறேன். மூளை மட்டும் போதாது. அந்தக் கதைகளில் எல்லாம் வெளியே போய்வந்து, ஒன்று விடாமல் சொல்ல இன்னொருவர் இருக்கிறார். நாம் ஏங்குவது அந்த ஆளுக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.)

3

இந்தக் கணவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரா? எனக்கு முன்னாலேயே அவளுக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நாளாக அவருடைய புதிர்கள் படுசுத்தமாக இருந்தன. முன்பெல்லாம் ஒரு பையைத் திறந்தால் துப்போடு சேர்ந்து பாதி தின்ற ரொட்டி, யாரோ ஒருவரின் பல்செட், எதிலும் சேராத ஒரு சாவி என்று கண்டதும் இருக்கும். இப்போதோ ஐந்து பொருள் என்றால் ஐந்தும் துப்பு. எந்தச் சட்டை தைத்தாலும் வெட்டுத்துணி மிஞ்சும் என்று அறிந்தவள் அவள். போதாக்குறைக்குப் போன வாரம் யாரோ ஒருவர் பேருந்தில் குதிரைச் சாட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த அறையை மூடிவிட்டார்கள். மனிதர் பகலெல்லாம் ஏதோ நூலகத்தில் உட்கார்ந்து, பழைய துப்பறியும் கதைகளைப் படித்து, மாளிகையைப் பேருந்தாக்கி, வைரத்தைக் குடையாக்கி அவளுக்குக் கொண்டுவருகிறார். ஒரே ஒரு சாட்டையை மாற்ற மறந்துவிட்டார், பாவம்.*

* யார் உத்தரவில் மூடினார்கள் என்று எழுதிய பத்தியை அடித்துவிட்டேன். எழுதும்போது கோபம் கோபமாக வந்தது, ஆனால் அந்தக் கோபம் அவளுக்கு உதவாது.

4

முடிவு, ஒன்று: உண்மையைப் போட்டு உடைக்கிறாள். நாளை மாலை அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. இரண்டு: தெரியாததுபோல் இருந்துவிடுகிறாள். அவர் அந்தப் பாரத்தைத் தினமும் தனியாக மூன்று மாடி சுமந்து வருகிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு கேட்கவில்லை.

கடைசியில் அவளே பேசினாள்.

“என்னங்க, இன்னிக்கு நான் ஒண்ணு சொல்றேன். நீங்க கண்டுபிடிங்க.”

“நீ எங்க வெளிய போன?”

“போகல. ஒருத்தர் தெனமும் வேலைக்குன்னு கெளம்புறாரு. அங்க வேலையில்ல. ஆனா சாயங்காலம் ஒரு நாள்கூட பொண்டாட்டிகிட்ட வெறுங்கையோட வரல. ஏன்?”

 அவர் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“துப்பு பத்தாதே” என்றார். 

“பத்தலன்னா கேளுங்க. கேக்கத்தானே ஒக்காந்திருக்கீங்க.”

அவர் கேட்ட முதல் கேள்வியை நான் எழுதப்போவதில்லை. ‘எப்போ தெரியும்?’ என்றா, ‘கோவமா?’ என்றா? சொல்ல முடியாத ஒன்றோடு ஒருநாளாவது வீடு திரும்பியிருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கிறாள்.