நேர்ந்துவிட்ட சேவலும் சிங்கமலைச் சுரங்கமும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சேவலிடமிருந்து. செம்பட்டை நிறம், கறுத்த வால், இடக்காலில் மஞ்சள் துணி முடிச்சு. நான் இதை எழுதும்போது அது எங்கள் குசினிக்குப் பின்னால் நின்று கூவுகிறது. நேரங்காலம் தெரியாத சேவல்.

"கத எழுதுறது இருக்கட்டும், இத என்ன செய்யப் போறீங்க?" என்கிறாள் என் மனைவி அசீசா. அதற்குப் பதில் தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் இப்றாஹிம். ஹட்டனில் துணிக்கடை. கடையில் ஆளில்லாத நேரம் கதை எழுதுவேன். கடையில் பெரும்பாலும் ஆளிருப்பதில்லை.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'மலைமகள் பனிப்போர்வை போர்த்திய ஆடிமாதக் காலையொன்றில்—' வேண்டாம். மலைநாட்டுக் கதை எழுதுகிறவர்கள் யாரும் இந்தப் போர்வையை விட்டபாடில்லை.

'கர்த்தரின் அழைப்பைக் கேட்டு நோர்வேயிலிருந்து ஷரோன் புறப்பட்டபோது—' இதுவும் வேண்டாம். அவள் கேட்டது அம்மாவின் குரலைத்தான். கோடை விடுமுறையில் போனும் கையுமாகப் படுத்துக் கிடக்காதே, சபை காசு கட்டி அனுப்புகிறது, போய் ஊழியம் செய்துவிட்டு வா என்றாராம் அம்மா.

சரி, நேராகவே சொல்கிறேன். ஷரோனுக்கு இருபது வயது. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது பேர்கன் நகரத்தில். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் சின்ன மிஷனுக்கு விடுமுறை ஊழியராக, அவர்கள் சொல்லில் இன்டர்னாக, வந்தாள். பிள்ளைகளுக்குக் கைதட்டும் பாட்டுகள் சொல்லிக்கொடுப்பாள், தேத்தண்ணிக் கோப்பை கழுவுவாள், பாஸ்டர் சுதாகரனின் பின்னால் குடையோடு, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளுக்கு, லயம் லயமாகப் போவாள். அவளுடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு லயத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழை மட்டும் அவளுக்குப் புதிதில்லை. பேர்கனிலும் இதே மழைதானாம்.

(இதெல்லாம் அவளே சொன்னது. கொட்டகலை ஸ்டேஷனில் எதிர்ரயிலுக்காக எங்கள் ரயில் வெகுநேரம் நின்றது. எதிர் சீட்டில் அவள், மடியில் கூடை, கூடைக்குள் சேவல். சேவலோடு ரயிலேறும் வெளிநாட்டுப் பிள்ளையிடம் கதை கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா?)

3

பூரணி கொழுந்து பறிப்பவள். அவள் மகள் நிலக்ஷிக்கு ஐந்து வயது, கடும் காய்ச்சல். டிஸ்பென்சரி மருந்துக்கும் கேட்கவில்லை. பூரணி ஒரு சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டி, "இது ஒனக்குத்தான்" என்று முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டாள். ஆனாலும் மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் முடியாது. லீவு ஒன்றும் மிச்சமில்லை. பாஸ்டர் ஷரோனை அனுப்பினார். "போய்ப் புள்ள தலையில கைய வச்சு ஜெபம் பண்ணும்மா. மத்தத அவர் பாத்துக்குவார்."

ஷரோன் போனாள். லயத்தில் ஓர் அறை, இருட்டுக் காம்பிரா. தகரத்தின்மேல் மழை. கொதிக்கும் நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மூடினாள். ஜெபத்தின் முதல் சொல்லைத் தேடினாள். மழைச் சத்தத்தில் அது எங்கேயோ நழுவிப் போயிற்று.

தூங்கிவிட்டாள்.

கனவும் கண்டாள். தேயிலைச் செடிகள் மந்தை மந்தையாகச் சரிவில் இறங்கி, கொட்டகலைக் கடைத்தெருவைக் கடந்து, பேர்கன் துறைமுகத்துக்குள் நடந்து போகின்றன. நிலக்ஷி கம்பை ஆட்டிக்கொண்டு அவற்றை மேய்த்துப் போகிறாள். தண்ணீர் பச்சையாகிறது. "அக்கா, வாங்க" என்று கூப்பிடுகிறாள்.

விழித்தபோது வாசலில் பூரணி நின்றாள். மழைக்குத் தலையில் போட்ட கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வியர்வை, காய்ச்சல் விட்டிருந்தது. மகள் நெற்றியில் கை, மூடிய கண்கள், குனிந்த தலை: பூரணி கண்டது அவ்வளவுதான். அதைக் கண்டு யார்தான் தூக்கம் என்று நினைப்பார்கள்?

(இந்த இடத்தில் ஷரோன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே தூங்கினாளா, தூங்கியதாகத் தன்னையே நம்ப வைத்தாளா? கேட்டேன். "குறட்டை விட்டனோ தெரியாது அங்கிள்" என்றாள். அதற்குப் பிறகு நம்பினேன்.)

4

ஷரோன் ஊருக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள், பூரணி சேவலோடு ஜெபவீட்டுக்கு வந்தாள். பாஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பேர்கன் சபைக்கு அனுப்ப வீடியோ எடுக்கவேண்டும், பூரணி சாட்சி சொல்லவேண்டும், பிறகு சேவலை ஏலத்தில் விடலாம் என்று திட்டம் போட்டார். கெட்ட மனிதர் அல்ல. கூரை ஒழுகும் ஜெபவீட்டை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்?

"நேந்தத விக்கக்கூடாதுங்க பாஸ்டர்" என்றாள் பூரணி. ஷரோனைத் தனியே அழைத்துப்போனாள். "சிஸ்டர், ஒங்க சாமிக்கு எந்த எடத்துல அறுப்பாங்க?"

"எங்கட ஆண்டவருக்கு அப்பிடி ஒண்டும் வெட்டுறேல்லை அக்கா. இது முனியாண்டிக்கு நேர்ந்ததெல்லோ?"

"நேந்தது அவருக்குத்தான். ஆனா வந்தது ஒங்க சாமிதானே? செஞ்ச ஆளுக்குத்தான் குடுக்கணும், சிஸ்டர். மாத்திக் குடுத்தா புள்ளைக்கு ஆகாது." குரல் தாழ்ந்தது. "மூத்தவனுக்கு நேந்துட்டு, கையில இல்லாம நாளத் தள்ளிக்கிட்டே வந்தேன். அடுத்த மழைக்கு அவன் இல்ல."

ஷரோன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். தூங்கிவிட்டேன் என்றால், செய்தது யாரென்று தெரியாமல் இந்தத் தாய் பதறுவாள். சொல்லாவிட்டால் சேவல் போகக்கூடாத கைக்குப் போகும்; நாளைக்குப் பிள்ளை தும்மினாலும் அது தன்னால்தான் என்று தான் பேர்கனில் கிடந்து வேகவேண்டும்.

"பிறகு என்ன சொன்னீங்க மகள்?" என்று கேட்டேன்.

அப்போது பார்த்து எதிர்ரயில் வந்து சேர்ந்தது. எங்கள் ரயில் புறப்பட்டது.

5

கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம். இந்தப் பக்கத்து ரயிலில் போனவர்களுக்குத் தெரியும்: உள்ளே போனதும் இளவட்டங்கள் ஊளையிடுவார்கள், சக்கரங்கள் காதைப் பிளக்கும், பெட்டி முழுக்க இருட்டு. ஷரோன் அந்த இருட்டில்தான் மிச்சக் கதையைச் சொன்னாள். அவள் மூச்சு என் பக்கம் வந்துவந்து போனது தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. முகம் மட்டும் தெளிவாக இருந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த முகம். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

6

ஆகவே சுரங்கத்துக்குள் நடந்ததை நான்தான் எழுதவேண்டும்.

(அ) ஷரோன் உண்மையைச் சொன்னாள். பூரணி சிரித்தாள். "தூங்குனா என்ன சிஸ்டர்? கைய எடுக்காமத்தானே தூங்குனீங்க. இந்தச் சேவல் அந்தக் கைக்கு."

எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அடித்தேன். ஏழைப் பெண்ணின் வாயில் இப்படி அழகான வசனத்தை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவது என்னைப் போன்றவர்களின் பழக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வசனமா வரும்?

(ஆ) ஷரோன் ஒன்றும் சொல்லாமல் சேவலை வாங்கிக்கொண்டாள். நடக்கக்கூடியதுதான். ஆனால் பொய்யை வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு அந்தத் தெளிந்த முகம் எங்கிருந்து வரும்?

(இ) ஷரோன் உண்மையைச் சொன்னாள். பூரணி வெலவெலத்துப் போனாள். "அப்ப யாரு சிஸ்டர் காப்பாத்துனது? நான் இத யாருக்குக் குடுப்பேன்?" இருவரும் மழையில் முனியாண்டியின் கல்லடிக்கு நடந்தார்கள். சேவல் நடுவில். பனி மூடி வழி தெரியவில்லை. அங்கே போய் பூரணி சேவலைக் கீழே விட்டாள். அது முனியாண்டியைப் பார்த்தது, ஷரோனைப் பார்த்தது, பிறகு—

பிறகு என்னால் முடியவில்லை. முனியாண்டி வாங்கியிருந்தால் அது ரயிலுக்கு வந்திருக்காது.

7

ஹட்டனில் நான் இறங்கினேன். ஷரோன் ஜன்னல் வழியாகக் கூடையை நீட்டினாள்.

"பிளேனுக்குள்ள கொண்டுபோக விடமாட்டினம். நீங்கள் வைச்சிருங்கோ அங்கிள். வெட்டாதைங்கோ, வித்துப்போடாதைங்கோ."

என் தொப்பியைப் பார்த்துத்தான் தந்தாளோ என்னவோ. வேறு சாமிக்கு நேர்ந்ததை நாங்கள் வாயில் வைக்கமாட்டோம். எங்கள் வீட்டைவிட அதற்குப் பத்திரமான இடம் இந்த மலைநாட்டில் இல்லை.

"யாருக்குச் சேரவேண்டியது மகள் இது?" என்று கேட்டேன்.

ரயில் நகர்ந்தது. அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "இப்பதானே அங்கிள் எல்லாம் சொன்னனான்!"

நான் தலையாட்டினேன்.

"அது அமானிதம். ஒருத்தர் நம்பித் தந்தது" என்கிறாள் அசீசா. "கொண்டுபோய் அந்தப் புள்ளட உம்மாக்கிட்டயே கேளுங்க." தோட்டம் ஒன்றும் தூரமில்லை, ஒரு பஸ்தான். ஆனால் மழை விடாமல் பெய்கிறது, இந்த மழையில் போய் அந்த லயத்துக் கதவைத் தட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. நிலக்ஷி சுகமாக இருந்தால், சேவலோடு என்னைக் கண்டதும், கொடுத்தது திரும்பி வந்துவிட்டதே என்று பூரணி கலங்கிப்போவாள். சுகமில்லாமல் இருந்தால்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போகிறவரென்றால் ஒரு உதவி செய்யுங்கள். தாயிடம் எதுவும் கேட்கவேண்டாம். லயத்து வாசலில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று விளையாடுகிறதா என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள். அதுவரை இதற்கு நான் தீனி போடுகிறேன்.